வீடுகள் மலையைப் பார்த்த வியாழக்கிழமை

புதுவெட்டில் ஒரு வியாழக்கிழமை காலையில், பால்காரர் வந்து போனதற்கும் பள்ளிக்கூட வேன் வருவதற்கும் நடுவில், எல்லா வீடும் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. ஒன்றிரண்டு இல்லை, எல்லா வீடும். ஓட்டு வீடும் மச்சு வீடும், பேக்கரியும் சலூனும், ரேஷன் கடையும் மாரியம்மன் கோவிலும், அஸ்திவாரத்தோடு அப்படியே, அடுப்பில் இருந்த பால் சிந்தாமல், தொட்டிலில் கிடந்த குழந்தை முழிக்காமல், கட்டுத்தறியில் நின்ற மாடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் வைக்கோலில் வாயை வைக்கிற அளவுக்கு மெதுவாகத் திரும்பி, நேற்றுவரை ரோட்டைப் பார்த்திருந்த வாசல்களெல்லாம் இன்றைக்கு மேட்டைப் பார்த்து நின்றன.

வாசல் தெளிக்கச் சாணித் தண்ணீரோடு கதவைத் திறந்த தெய்வாத்தாதான் முதலில் பார்த்தாள்.

“ஏனுங், ரோட்டக் காணமுங்” என்று வீட்டுக்குள்ளே பார்த்துக் கத்தினாள்.

“நேத்து அங்கதான இருந்துச்சு. நல்லாப் பாரு” என்றார் அவள் புருஷன் ஆறுக்குட்டி, போர்வையை விலக்காமலே. ஊரில் பாதி நிலமும், கேரட் கழுவுகிற கொட்டகையும் அவருடையது. தன்னைக் கேட்காமல் ரோடு எங்கேயும் போகாது என்று நம்புகிற ஆள்.

ரோடு வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில் இருந்தது. துவைக்கிற கல்லும், கோழி உரித்த இறகும், கக்கூஸ் கதவும், கொடியில் காய்ந்த பாவாடையும் ரோட்டைப் பார்த்து நிற்க, முதல் பஸ் வந்து, டிரைவர் பிரேக்கை மிதித்து, ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் புதுவெட்டின் பின்பக்கத்தை முதல்தடவையாகப் பார்த்தார்கள். அங்கே பல்தேய்த்துக்கொண்டு நின்ற கூட்டுறவு சொசைட்டிச் செயலாளர் திருமூர்த்தி, பனியனை இழுத்து விட்டுக்கொண்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பஸ்ஸுக்கு வணக்கம் வைத்தார்.

இதையெல்லாம் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இறங்கி வந்தாள் வஞ்சி. மலைமேல் இருக்கிற கருவம்பதிதான் அவள் ஊர். பதியாளுங்க என்று புதுவெட்டுக்காரர்கள் சொல்வார்களே, அந்தப் பழங்குடிச் சனம். வயது பத்தொன்பது. பத்தாவது பாதியில், “பதிப் பிள்ளைங்க கடைசி பெஞ்சுக்குப் போங்க” என்று சொன்ன வாத்தியாரிடம், “கடைசி பெஞ்சு வேண்டாம் சார், வீட்டுக்கே போறேன், இன்னும் பின்னாடி இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தவள், திரும்பப் போகவில்லை. ஆறுக்குட்டியின் கொட்டகையில் கேரட் கழுவுகிறாள். பொறுமை என்கிற சாமான் அவளிடம் கிடையாது, இருப்பதுபோல நடிக்கவும் வராது.

வஞ்சிக்குப் புதுவெட்டின் எல்லா வீட்டையும் தெரியும், ஆனால் முதுகுப்பக்கம் மட்டும்தான் தெரியும். ஆறுக்குட்டியின் அப்பன் காலத்தில் கீழ்நாட்டிலிருந்து கோடாலியோடு ஏறி வந்தவர்கள் சோலையை வெட்டி, காட்டைத் திருத்தி, ரோட்டைப் பார்த்து வீடு கட்டினார்கள், மலைக்கு முதுகைக் காட்டி. மலைப்பாதை வந்து முட்டுகிற இடமெல்லாம் பொடக்காலி. பதிக்காரர்களுக்குக் கூலி அடுப்படி ஜன்னல் வழியாக வரும், டீ சுவர்மேல் வைத்த தனி டம்ளரில் வரும், பழைய சட்டை வேலிக்கு மேலாகப் பறந்து வரும். எந்த வீட்டு வாசலில் என்ன செடி என்று கேட்டால் வஞ்சிக்குத் தெரியாது. எந்த வீட்டுச் சாக்கடை எங்கே அடைத்துக்கொள்ளும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

அன்றைக்கு அவள் அதே பாதையில் இறங்கி வந்தால் எதிரே வாசல், வாசல், வாசல். மாவிலைத் தோரணம், துளசி மாடம், திருஷ்டிப் பூசணி, நிலைக்கு மேலே பச்சைப் பெயிண்டில் ‘நல்வரவு’. அடுத்த வீட்டிலும் ‘நல்வரவு’. அதற்கடுத்த வீட்டிலும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைபோல ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள்.

“என்னங்கம்மா, வீட்டத் திருப்பி வெச்சுட்டீங்க?” என்றாள் தெய்வாத்தாவிடம்.

“நான் எங்க புள்ள திருப்புனேன்? அதாத் திரும்பீருச்சு.”

“நல்லாத்தான் இருக்குது.”

“என்ன நல்லா இருக்குது? கோலம் எந்தப் பக்கம் போடறதுன்னு தெரியாம நிக்கறேன்.”

“வாசல் எங்கயோ அங்க போடுங்கம்மா. இதுல என்ன ரோசனை?”

தெய்வாத்தா ரோசித்துப் பார்த்தாள். வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை. மேட்டைப் பார்த்துத் தண்ணீர் தெளித்து, மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் காலடி படுகிற இடத்தில் முதல் புள்ளியை வைத்தாள்.

*

ஒன்று மட்டும் திரும்பவில்லை. கேரட் கொட்டகை.

ஊருக்கும் மலைக்கும் நடுவில், தகரக் கூரையும் சிமெண்டுத் தரையுமாக, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அது பழையபடியே நின்றது. வஞ்சி அதைப் பார்த்ததும் தூ என்று துப்பினாள். ஏனென்றால் அந்தச் சிமெண்டுக்குக் கீழேதான் பதியின் களம் இருக்கிறது, களம் என்றால் ஆட்டக் களம், கல்யாணக் களம். பதியில் தாலி கட்டிக்கொள்வது பாதிக் கல்யாணம்தான். மாப்பிள்ளையும் பொண்ணும் கைகோத்துக்கொண்டு அந்தக் கறுப்பு மண்ணில் வெறுங்காலோடு ஆடி, புழுதி முட்டிவரைக்கும் ஏறினால்தான் மீதிப் பாதி. ஆறுக்குட்டியின் அப்பன் களத்தை வளைத்துச் சிமெண்டு போட்ட நாளிலிருந்து பதியில் யாருக்கும் முழுக் கல்யாணம் ஆகவில்லை. எல்லாரும் அரைக் கல்யாணக்காரர்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் ரங்கிக் கிழவியைப் ‘புதுப்பொண்ணு’ என்றுதான் கூப்பிட வேண்டும், அதுதான் முறை, “ஏ புதுப்பொண்ணு, பல்லு எங்க?” என்று சின்னப் பிள்ளைகள் கத்திவிட்டு ஓடும். அரை மாப்பிள்ளை மாமனாருக்கு முன்னால் உட்காரக் கூடாது என்பதால், ரங்கியின் புருஷன் மாரன் அந்த மனுஷன் சாகிறவரைக்கும் நின்றுகொண்டே இருந்தான்; முட்டி போனது அதனால்தான் என்று இன்றைக்கும் சொல்வான்.

வஞ்சி தினமும் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு அந்தச் சிமெண்டின்மேல் நின்று கேரட் கழுவினாள். “எனக்கு அரைக் கல்யாணம் வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். சொன்னது சடையனிடம். சந்தைக்குக் கேரட் ஏற்றிப்போகிற பிக்கப் வண்டி ஓட்டுகிறவன் சடையன், அவனும் பதிக்காரன்தான், சிரித்தால் கன்னத்தில் குழி விழும், அவளுக்காக இத்தனை நாள் காத்திருந்தவன்.

“ஊரே அப்பிடித்தான கட்டிக்கிச்சு, வஞ்சி? ரங்கி பாட்டி நல்லா இல்லியா?”

“நல்லா இருக்கா. ஆனா புதுப்பொண்ணாவே சாவா. எனக்கு முடியாது.”

“எங்கம்மா மேல்பதில பொண்ணு பாத்துட்டா. வர்ற நோம்பிக்குள்ள ஒரு வார்த்த சொல்லு. இல்லைன்னா என்னால அவள நிறுத்த முடியாது.”

நோம்பி, அதாவது பதித் திருவிழா, அடுத்த அமாவாசைக்கு. இவ்வளவுதான் விஷயம்: களம் வந்தால் சடையன், வராவிட்டால் சடையன் இல்லை. அரைச் சடையனை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை, முழுச் சடையனை விடவும் மனசு வரவில்லை.

*

புதுவெட்டுக்காரர்கள் அன்றைக்கு முழுக்க அல்லாடினார்கள், மறுநாள் பாதி அல்லாடினார்கள், அதற்குப் பிறகு பழகிக்கொண்டார்கள். மனுஷனுக்கு வேலை இருக்கிறது, வீடு எந்தப் பக்கம் பார்த்தாலும் சோறாக்க வேண்டும். வயரெல்லாம் கம்பத்தில் முறுக்கிக்கொண்டு கிடந்தும் கரண்ட் போகவில்லை என்பதால் லைன்மேன் வந்து பார்த்து, தொடாமல் கும்பிட்டுவிட்டுப் போனார். வாஸ்து பார்க்கிறவர் காரில் வந்து, திசைகாட்டியை வைத்துப் பார்த்து, நாலு வீட்டுக்குப் பரிகாரம் சொல்லி, ஐந்தாவது வீட்டில் காபி குடித்துக்கொண்டே, “ஒருத்தருக்குத் தப்பா இருந்தா தோஷம்னு சொல்லலாம், ஊருக்கே இருந்தா அது திசைங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பஸ் டிரைவர் ரெண்டு நாள் பொடக்காலிகளைப் பார்த்துக் கூச்சப்பட்டு, மூன்றாம் நாள் மேட்டுப்பக்கமாக மண் ரோட்டில் சுற்றி வந்து வாசலில் நிறுத்தினார். பேக்கரிக்காரர் பெஞ்சைத் தூக்கி மேட்டுப்பக்கம் போட்டார், அந்த வழியாக வேலைக்கு வருகிற பதிக்காரர்கள் கால் இடிக்குமே என்று கொஞ்சம் தள்ளிப் போட்டார், தள்ளிப் போட்டவர் வாய்தவறி “டீ குடிங்க” என்றார், அவர்கள் உட்கார்ந்து குடித்தார்கள், டம்ளரைத் தனியாக எடுத்துவைக்க அவர் மறந்துபோனார்.

பழி போடவும் ஆள் இருந்தார்கள். “பதியாளுங்க செய்வினைதான் இது” என்றார் திருமூர்த்தி, கொட்டகையில் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி.

“எங்களுக்கு வீட்டத் திருப்பத் தெரிஞ்சா, மொதல்ல எங்க வீட்டுக்கு மழை ஒழுகாமத் திருப்பியிருப்போமுங் சார்” என்றாள் வஞ்சி, கேரட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“வாயப் பாரு இவளுக்கு.”

“கையும் இருக்குதுங். அதுல கேரட்டு இருக்குது, அதனால சும்மா இருக்கேன்.”

ஆறுக்குட்டி ஜேசிபி வைத்து வீட்டைத் திருப்பிவிடலாமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். தெய்வாத்தா முந்தானையை உதறினாள். “மாரியம்மனே மேட்டப் பாத்து உக்காந்துட்டா. அவளத் திருப்புங்க மொதல்ல, அப்பறம் நம்மூட்டத் திருப்பலாம்.” அதோடு பேச்சு அடங்கிப்போனது.

*

மேலே கருவம்பதியில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. சந்தோஷம்தான். சந்தோஷம் என்றால் அப்படி இப்படிச் சந்தோஷம் இல்லை.

ஏனென்றால் பதியில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே வீடெல்லாம் மூங்கில் தட்டி. வாசல் தட்டியைக் கழற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். ரெண்டு வீட்டுக்குச் சண்டை என்றால் வாசலை அந்தப்பக்கம் திருப்பிக் கட்டிக்கொள்வார்கள், முகத்தில் முழிக்க மாட்டார்கள். தப்புச் செய்தவன் மனசு மாறினால் ஒன்றும் பேச மாட்டான், விடியும்போது அவன் வாசல் எதிர்வீட்டைப் பார்த்து இருக்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரன் மறுக்காமல் சோறும் கிழங்குமாகப் போய் அந்த வாசலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். திருப்பினவன் தான் செய்ததை வாயால் சொல்ல வேண்டும். எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும். முடிந்தது. அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கிறவன்தான் தப்புச் செய்தவன்.

“ஊரே திருப்பிருச்சு!” என்று பதிக்கு மூப்பனான காடன் பாறைமேல் ஏறி நின்று கத்தினான், அவன் வஞ்சிக்குத் தாய்மாமன். “ஒரு வீடு ரெண்டு வீடு இல்ல, அத்தன வாசலும்! இந்த மாதிரி எவனும் எவங்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல! நம்ம பாட்டன்மாரு இதப் பாக்காமப் போய்ச் சேர்ந்துட்டாங்களே!”

மத்தளத்தை வெயிலில் காய வைத்தார்கள். சாமை இடித்தார்கள். காட்டுக்கிழங்கு தோண்டப் போனவர்கள் பாடிக்கொண்டே போய்ப் பாடிக்கொண்டே வந்தார்கள். அரைக் கல்யாணக்காரர்கள் எல்லாரும் கால் நகம் வெட்டிக்கொண்டார்கள், களத்தில் ஆடும்போது பக்கத்தில் இருக்கிறவர் காலில் கீறிவிடக் கூடாதே. சடையன் பிக்கப் வண்டியைக் கழுவி, ஹாரனில் செவ்வந்தியைச் சுற்றி, வஞ்சியைப் பார்த்துச் சிரித்தான். அந்தக் குழி விழுந்தது.

வஞ்சிக்கு மட்டும் தெரியும். அவள்தான் வியாழக்கிழமை காலையில் அவர்கள் முகத்தைப் பார்த்தவள், ‘அதாத் திரும்பீருச்சு’ என்று தெய்வாத்தா சொன்னதைக் கேட்டவள். மன்னிப்பு கேட்ட முகம் அது இல்லை, ரோட்டைத் தொலைத்த முகம். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பாள், சடையன் ஹாரனை அடிப்பான், மூடிக்கொள்வாள். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. ரெண்டு நாளில் தாடை வலித்தது.

*

ஞாயிற்றுக்கிழமை, வெயில் நன்றாக ஏறின பிறகு, மத்தளமும் குழலுமாகக் கருவம்பதி முழுக்க இறங்கி வந்தது, தலையில் கூடையும் இடுப்பில் குழந்தையும் கையில் சட்டியுமாக, பாதை நிறைய, பாட்டு நிறைய. மேட்டில் புழுதி கிளம்புவதைப் பார்த்துப் புதுவெட்டில் சிலபேர் தடியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். “வர்றாங்கோ, கூட்டமா வர்றாங்கோ” என்று திருமூர்த்தி பேக்கரிக்குள் போய் நின்றுகொண்டார்.

ஆனால் அந்தச் சீமையில் வேறொரு வழக்கம் உண்டு, அது பதியுடையது இல்லை, புதுவெட்டுக்காரர்களுடையது. வாசலுக்கு வந்த மனுஷனை ‘வாங்க’ என்று கேட்காமல் விடக் கூடாது. எதிரியாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் எதிர்க்க வேண்டும். வாங்க என்று கேட்காததால் முறிந்துபோன சம்பந்தம் அந்த ஊரில் எத்தனையோ. பொடக்காலிக்கு வந்தவரை யாரும் கேட்டதில்லை, அது கணக்கில் சேராது. இது வாசல். மத்தளம் நின்றது, கூட்டம் வந்து நின்றது, காடன் கும்பிட்டான். தடியை ஓங்கி நின்ற ஆறுக்குட்டியின் வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“வாங்கோ.”

சொன்னவர் தானே திடுக்கிட்டார். அதற்குள் தெய்வாத்தா, “வாங்க, வாங்க, உள்ள வாங்க, என்ன வெயில்ல நிக்கறீங்கோ” என்றாள், பக்கத்து வீடும் சொன்னது, அதற்கடுத்த வீடும் சொன்னது, ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் சொல்லாவிட்டால் மரியாதையில்லையே, தெரு நெடுக வாங்க வாங்க வாங்க என்று தவளைச் சத்தம்போலக் கிளம்பி, வந்தவர்களைத் தனித்தனியாக, பெரியவர் சின்னவர் பார்த்து, இடுப்புக் குழந்தையைக்கூட விடாமல் கேட்டு முடிக்கவே நேரமாகிவிட்டது. கேட்ட பிறகு தண்ணீர் கொடுக்க வேண்டும். தண்ணீர் கொடுத்த பிறகு சோறு போட வேண்டும். தடியெல்லாம் பந்திப்பாய் விரிக்க இடைஞ்சலாக இருந்ததால் சுவரோரம் சாத்திவிட்டார்கள்.

பதிக்காரர்கள் சாமைச் சோற்றையும் கிழங்கையும் எடுத்து வைத்தார்கள், புதுவெட்டுக்காரர்கள் அரிசிச் சோறும் ரசமும் ஊற்றினார்கள், எல்லாரும் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுக் காடன் ஆறுக்குட்டியைப் பார்த்தான்.

“சொல்லுங்க சாமி.”

“என்னத்தச் சொல்றது? இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்திக்கங்க.”

காடன் ரசம் ஊற்றிக்கொண்டான். குடித்தான். “சொல்லுங்க.”

“அப்பளம் வெக்கலியா? ஏய், மூப்பனுக்கு அப்பளம் வை.”

“கூச்சப்படாதீங்க சாமி. வாசலத் திருப்பிட்டீங்க, அதுதான் கஷ்டம். சொல்றது சுளுவு” என்று காடன் வழக்கத்தை எடுத்துச் சொன்னான். ஆறுக்குட்டிக்கு இப்போதுதான் புரிந்தது. ஊருக்கே புரிந்தது. அடேயப்பா, இவர்கள் நாம் மன்னிப்புக் கேட்டதாக நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்!

திருமூர்த்தி பேக்கரியிலிருந்து வெளியே வந்து ஆறுக்குட்டியின் காதில் சொன்னார். “நல்லதாப் போச்சுங். பொதுவா ஒரு வார்த்த சொல்லி அனுப்பீருங்க. களத்தப் பத்தி வாயே தொறக்காதீங்க.”

ஆறுக்குட்டி தொண்டையைச் செருமினார். “அன்னைக்குக் காலத்துல ஏதோ... முன்னப்பின்ன நடந்திருக்கலாம். மனசுல வெச்சுக்காதீங்க.”

காடன் மற்றப் பெரியவர்களைப் பார்த்தான். அவர்கள் இலையைப் பார்த்தார்கள். ரொம்ப நாள் காத்திருந்து களைத்த சனம். இதுவாவது கிடைத்ததே என்று தலையாட்டத் தொடங்கினார்கள், ஒருத்தர் ஆட்ட இன்னொருத்தர் ஆட்ட, சடையனும் ஆட்டினான். சரி, முடிந்தது என்று கைகொடுக்கக் காடன் மடக்கின கையை நீட்டப் போனான்.

“மாமா, கையை நீட்டாத” என்றாள் வஞ்சி. எழுந்து நின்றுவிட்டாள். “இவங்க ஒண்ணும் திருப்பல. வீடு தானாத் திரும்பிக்கிச்சு. தெய்வாத்தாம்மாவக் கேளு. எனக்கு வியாழக்கிழமையே தெரியும், வாய மூடிக்கிட்டு இருந்தேன். இவனுக்காக.” சடையனைக் கைகாட்டினாள். சடையன் தலையில் கைவைத்துக்கொண்டான். “அரைக் கல்யாணம் போதும்னு இருந்தீங்க. இப்ப அரை மன்னிப்பும் போதுமா? முன்னப்பின்ன நடந்துச்சாம்! எது முன்ன, எது பின்ன? அத மொதலாளி சொல்லட்டும், நான் ஒக்காந்துக்கறேன்.”

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியைச் சாய்த்தபடியே இருந்ததால் இலை வழிந்து ஓடியது.

காடன் மெல்ல எழுந்து கையைக் கழுவினான். “திருப்பலியா சாமி?”

ஆறுக்குட்டி ரச வாளியை அவன் பக்கம் நகர்த்தினார். பதிக்காரர்கள் ஒவ்வொருத்தராக எழுந்து சட்டியைக் கவிழ்த்தார்கள், கூடையைத் தூக்கினார்கள். மத்தளக்காரன் மத்தளத்தைத் துணியில் சுற்றினான். சடையன் வஞ்சியைப் பார்க்காமல் கடந்து போனான். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

“இருங்க” என்றாள் தெய்வாத்தா. “ஒருத்தரும் போகாதீங்க. நான் சொல்றேன்.”

“ஏய், சும்மா இரு” என்றார் ஆறுக்குட்டி.

“நீங்க சும்மா இருங்க. ரசம் ஊத்தறதுக்கு மட்டுந்தான் உங்களுக்கு வாய் வருது.” முந்தானையை இடுப்பில் செருகினாள். “நான் கல்யாணமாகி வந்த மறுநாள், எங்க மாமனாரு அந்தக் களத்துல சிமெண்டு போட்டாரு. அன்னைக்கு மேலருந்து ஒரு கல்யாணம் மோளத்தோட எறங்கி வந்துச்சு. வேலிக்கு அந்தப்பக்கம் நின்னாங்க, வெயில் சாயற வரைக்கும் நின்னாங்க. நானும் புதுப்பொண்ணு, அவளும் புதுப்பொண்ணு. தண்ணி கேக்கறாப்பல என்னயவே பாத்தா. நான் பொடக்காலிக் கதவச் சாத்தீட்டு உள்ள போயிட்டேன். தெரிஞ்சுதான் சாத்துனேன்.”

கூட்டத்தில் ரங்கிக் கிழவி கூடையை இறக்கி வைத்தாள்.

“நீதானா அது? பச்சைக் கதவு?”

“நாந்தான்.”

“எனக்கு என்ன தாகம் அன்னிக்கு!” என்றாள் ரங்கி. “ஒங்க ஊட்டுக் கதவு நாசமாப் போகன்னு தெனமும் திட்டுனேன். சரி, சொல்லிட்ட. இப்பக் குடு தண்ணிய.”

தெய்வாத்தா சொம்பை நீட்டினாள். ரங்கி அண்ணாந்து, கழுத்து நரம்பு ஏறி இறங்க, சொம்பு காலியாகிறவரைக்கும் குடித்தாள். ஊரே அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஆறுக்குட்டி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். யாரையும் பார்க்காமல், சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். ஊரும் பதியும் கலந்து பின்னாலேயே போனது. கொட்டகையின் மலைப்பக்கச் சுவரில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். கடப்பாரை ணங் என்று திரும்பி வந்தது.

“எங்கப்பன் புடுங்குனான்” என்றார். இன்னொரு குத்து. “நான் வெச்சுக்கிட்டேன்.” இன்னொரு குத்து. “தெரிஞ்சேதான் வெச்சுக்கிட்டேன்.” சுவரில் ஒரு சில்லு பெயர்ந்தது, அவ்வளவுதான். கடப்பாரையை ஊன்றி மூச்சு வாங்கினார், வேர்வையோடு சேர்த்துக் கண்ணையும் துடைத்தார். “கலவைல மட்டும் எங்கப்பன் கஞ்சத்தனம் பண்ணவே மாட்டான்.”

“தள்ளுங்க மொதலாளி, இப்பிடிக் குத்துனா அடுத்த நோம்பிக்குத்தான் ஆவும்” என்று வஞ்சி, கொட்டகை ஓரம் கிடந்த தன் கம்பூட்ஸை மாட்டிக்கொண்டு, கடப்பாரையைப் பிடுங்கினாள். அவள் குத்தின குத்தில் ஒரு செங்கல் விழுந்தது. ‘ஓ’ என்று கிளம்பின சத்தத்தில் மேட்டுக் குருவியெல்லாம் பறந்தது. அப்புறம் யார் எதைப் பிடித்தார்கள் என்று கேட்கக் கூடாது. கேரட் மூட்டையை வாத்தியாரும் பேக்கரிக்காரரும் பதிப் பெண்களும் கைமாற்றி ரோட்டோரம் அடுக்கினார்கள், தகரத்தை இறக்கினார்கள், திருமூர்த்தியே ஒரு முனையைப் பிடித்தார், பிடித்ததை எல்லாரும் பார்த்தார்களா என்றும் பார்த்துக்கொண்டார், ஞாயிற்றுக்கிழமை மப்பில் தூங்கிக்கொண்டிருந்த ஜேசிபிக்காரனை எழுப்பி மூஞ்சியில் தண்ணீர் அடித்துக் கூட்டி வந்தார்கள். இரும்புக் கை இறங்கி, சிமெண்டுத் தரை முறுக்கு உடைகிறமாதிரி உடைந்து, பாளம் பாளமாகப் புரண்டு, கீழே, இத்தனை வருஷமும் வெயில் படாமல், ஈரமாக, கறுகறு என்று மண்.

ஒருத்தரும் காலை வைக்கவில்லை. காடன் குனிந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தான். பிறகு மத்தளக்காரனைப் பார்த்து, “என்னடா பாத்துக்கிட்டு நிக்கற?” என்றான்.

அடி விழுந்தது. அரைக் கல்யாணக்காரர்கள் எல்லாரும் சோடி சோடியாக வந்து நின்றார்கள், கிழடுகளும் நடுவயசும், பேரனைத் தோளில் வைத்த மாப்பிள்ளைகளும், நரைத்த தலையில் கனகாம்பரம் வைத்த புதுப்பொண்ணுகளும். மூத்த சோடிதான் முதலில் இறங்க வேண்டும். மாரன் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினான். ரங்கி நீட்டவில்லை.

“என்ன?” என்றான் மாரன்.

“இரு. அரையாவே இத்தன நாள் குப்பை கொட்டிட்டேன். முழுசுங்கறது பெரிய விஷயம். கொஞ்சம் ரோசிக்கணும்.”

“இப்பயா ரோசிப்ப?”

“அப்ப எங்க ரோசிக்க உட்டாங்க? இன்னிக்குத்தான கேக்கறாங்க.”

ரங்கி தெய்வாத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பதியே சிரித்தது, ஊரே சிரித்தது, மாரன் களத்து ஓரத்தில் மறுபடியும் நிற்க ஆரம்பித்தான். அவர்களை விட்டுவிட்டு மற்றச் சோடிகள் இறங்கின. மண் பாதத்தில் அப்பியது, கணுக்கால் ஏறியது.

வஞ்சி சடையனைத் தேடினாள். அவன் பிக்கப் வண்டி ஓரமாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தான். நேராகப் போய் முன்னால் நின்றாள்.

“கோவமா?”

“கூட்டத்துல என்னயக் கைகாட்டி ‘இவனுக்காக’ன்னு சொன்ன.”

“உண்மையச் சொன்னேன்.”

“நானும் தலைய ஆட்டுனேன். போதும்னு நெனச்சேன்.” அவன் தரையைப் பார்த்தான். “நீ எந்திரிச்சு நின்னப்ப, எல்லாம் போச்சுன்னு ஒன்னயத் திட்டுனேன், மனசுக்குள்ள. கெட்ட வார்த்தைல.”

“என்ன வார்த்தை?”

அவன் சொன்னான். வஞ்சி யோசித்துப் பார்த்தாள். “இதவிடப் பெருசு எனக்குத் தெரியும். அப்பறமாச் சொல்லித் தர்றேன்.”

அந்தக் குழி விழுந்தது. அவள் கம்பூட்ஸைக் கழற்றி எறிந்தாள், ஒன்று வண்டிக்குள் விழுந்தது, இன்னொன்று எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள், மத்தள அடிக்குக் காத்திருக்காமல், முறைப்படி சுற்றி வராமல், “ஏ புள்ள, தாலிய அப்பறம் கட்டிக்கங்க, எடது காலு, மொதல்ல எடது காலு!” என்று காடன் கத்தக் கத்த ரெண்டு காலையும் ஒன்றாகத் தூக்கிக் களத்தில் குதித்தாள். மண் சில்லென்று இருந்தது. புழுதி எழும்பவில்லை, ஈரமாயிற்றே. சேறுதான் தெறித்தது, முட்டிவரைக்கும் இல்லை, மூக்குவரைக்கும்.